குளியலறைத் தரை: மட்டமும் வாட்டமும்

செண்டாயான் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தினரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கணவரும் மனைவியும் முப்பது ஆண்டுகளாகப் பால்மரம் சீவியவர்கள். லயத்தில் வாழ்ந்த காலத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு பொதுக் குழாயடிக்குச் சென்று குளித்த அவர்கள், இப்பொழுது தங்கள் பெயரில் ஒரு வீட்டையும், அவ்வீட்டிற்குள்ளேயே ஒரு குளியலறையையும் பெற்றிருந்தார்கள். குளியலறையின் தரையில் தேக்குமர நிறத்தில் வினைல் பலகைகளைப் பதித்திருந்தார்கள். பார்வைக்கு அது மிக அழகாகவே இருந்தது. ஆனால் நான் காலை வைத்ததும் பலகைக்கு அடியில் 'களக்' என்றோர் ஓசை எழுந்தது. இரண்டு பலகைகளின் இடுக்கிலிருந்து கறுத்த நீர் கசிந்து, துர்நாற்றமும் வீசியது. பதித்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அதற்குள் அவ்வீட்டுப் பாட்டியார் அவ்விடத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார்.

"மட்டமான பலகையை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், ஐயா" என்றார் அந்த அன்பர். பலகையைப் பெயர்த்துப் பார்த்தோம். பலகை கெடவில்லை. அதன் அடியிலிருந்த சிமெண்டுத் தரைதான் ஆற்றுப்படுகை போல மேடும் பள்ளமுமாக இருந்தது. பள்ளங்களில் நீர் தேங்கி நின்றது.

இதுபோன்ற நிலை பல வீடுகளில் உள்ளது. தோட்டத்தை விட்டு வெளியேறிச் சொந்த வீட்டிற்குச் சென்றவர்களும், தோட்டத்திலேயே தங்கியிருந்து வீட்டைத் திருத்திக்கொள்ள விரும்புகிறவர்களும் இன்று கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வினைல் பலகைகளை விரும்பி வாங்குகிறார்கள். பலகையைப் பதிக்கும் முறை அதன் பெட்டியிலேயே படத்துடன் அச்சிடப்பட்டுள்ளது. பதிப்பதற்கு முன் தரையை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதோ, "தரை சுத்தமாகவும் சமமாகவும் உலர்ந்தும் இருத்தல் வேண்டும்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் அடங்கியுள்ள வேலையைச் சற்று விரிவாகக் காண்போம்.

வினைல் என்பது யாது?

நம் வீடுகளில் பல்லாண்டுகளாகச் சுருளாக வாங்கி விரித்துவரும் 'தீக்கார் கெத்தா'வை அனைவரும் அறிவர். 'ரப்பர்ப் பாய்' என்பது அம்மலாய்ச் சொல்லின் பொருள். ஆயினும் கடைகளில் அப்பெயரால் விற்கப்படும் பாய்களுள் பெரும்பாலானவற்றில் ரப்பர் கிடையாது, அவை பி.வி.சி. எனப்படும் வினைல் பிளாஸ்டிக்கால் ஆனவை. பெயர் மட்டும் நம் மரத்தினுடையது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரப்பர் டயர் செய்யும் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற இரசாயன அறிஞர் பணியாற்றினார். 1926ஆம் ஆண்டில் அவர் ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் ஒரு பசையைத் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை, வளையும் தன்மையுள்ள வினைல் கிடைத்தது. ரப்பருக்குத் துணை தேடப் போன இடத்தில் ரப்பருக்குப் போட்டியே பிறந்துவிட்டது. 1933இல் சிக்காகோ நகரில் நடைபெற்ற கண்காட்சியில் வினைல் கலந்த தரை ஓடுகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அந்த வினைலைத்தான் இன்று மரப்பலகையின் நிறமும் வரியும் அச்சிட்டு, நீளப் பலகைகளாக வெட்டி விற்கிறார்கள். சிலவகைப் பலகைகளைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். சிலவகை, ஒன்றின் நாக்கு மற்றொன்றின் பள்ளத்தில் பொருந்துமாறு பூட்டிக்கொள்பவை. இப்பூட்டுவகையில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்து விறைப்பாகச் செய்தவையும் உண்டு.

"நீர் புகாத பலகை" என்று விளம்பரம் செய்கிறார்கள். அது பொய்யன்று. பலகை நீரை உறிஞ்சாது, ஊறி உப்பாது. ஆனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக நீர் கீழே இறங்கும். அவ்வாறு இறங்கிய நீர் மேலே ஆவியாகிப் போகவும் அதே பலகை விடாது. ஆகவே தரையின் பள்ளத்தில் தங்கிய நீர், மூடி போட்ட பானையில் இருப்பது போல அங்கேயே கிடந்து நாறுகிறது. செண்டாயான் வீட்டில் நாம் கண்டது இதுவே.

சமம் வேறு, மட்டம் வேறு

பலகைப் பெட்டியில் 'சமமான தரை' என்று கண்டிருப்பதை வாசித்தவுடன் பலர் ரசமட்டத்தை எடுத்துவந்து, குமிழி நடுவில் நிற்கும்வரை தரையை நிரப்புகிறார்கள். வரவேற்பறைக்கு அது சரி. குளியலறைக்கு அதுவே தவறு.

மேடு பள்ளமின்றி ஒரே பரப்பாக இருப்பது சமம். எப்பக்கமும் சாயாமல் இருப்பது மட்டம். ஒரு பக்கமாகச் சாய்ந்து, நீரைத் தானே ஓடவிடும் அமைப்பைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். நல்ல குளியலறைத் தரை சமமாக இருக்க வேண்டும். ஆனால் மட்டமாக இருத்தல் கூடாது. கதவருகில் சற்று உயர்ந்தும், நீர் இறங்கும் வடிகுழியருகில் சற்றுத் தாழ்ந்தும் வாட்டத்துடன் இருக்க வேண்டும். கூரைத் தகரம் சமமானது, ஆயினும் சாய்ந்திருக்கிறது. அதனைப் போன்றதே இதுவும்.

எவ்வளவு வாட்டம் வேண்டும்? ஒரு மீட்டர் நீளத்திற்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை தாழ்ந்தால் போதும். கதவிலிருந்து வடிகுழிவரை 1.8 மீட்டர் நீளமுள்ள அறையில், கதவோரத்தைவிட வடிகுழியோரம் 18 முதல் 27 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். இதற்குமேல் சாய்த்தால் ஈரக்காலுடன் நிற்பதற்குக் கடினம், முதியோருக்கு அபாயம்.

இதனை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையின் அடியில் 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள மரத்துண்டு ஒன்றை ஆணியடித்து வையுங்கள். மரத்துண்டு உள்ள முனை வடிகுழியை நோக்கி இருக்குமாறு தரையில் வைத்து, பலகையின்மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் அவ்விடத்தில் வாட்டம் சரியாக உள்ளது என்று பொருள். அரைமணி நேரத்தில் இத்தகைய பலகையைச் செய்துவிடலாம். கொத்தனாரை அமர்த்தினாலும் இதனை நீங்களே கையில் வைத்திருங்கள். "ஒரு கண் பார்த்தாலே தெரியும்" என்று கூறும் கொத்தனார்கள் பலர் உள்ளனர். கண் பல வேளைகளில் ஏமாற்றிவிடும்.

ஒரு வாளி நீரின் சோதனை

தரையின் குறைகளைக் காட்ட ஒரு வாளி நீரும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும் போதும். அறையை நன்கு கழுவித் துடைத்த பின், கதவோரத்திலிருந்து நீரை மெதுவாக ஊற்றுங்கள். பதினைந்து நிமிடம் காத்திருங்கள். வடிந்தது போக எங்கெங்கே நீர் தேங்கியுள்ளதோ, அங்கெல்லாம் அதன் ஓரத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு வரையுங்கள். குட்டையின் நடுவே அடிக்கோலை நிறுத்தி ஆழத்தை அளந்து, பக்கத்துச் சுவரில் குறித்து வையுங்கள். பள்ளங்களின் படம் இவ்வாறு கிடைத்துவிடும்.

மேடுகளைக் காண்பதற்குத் தரை காய்ந்த பின் நேர்ப்பலகையை எல்லாத் திசைகளிலும் வைத்துப் பாருங்கள். பலகை ஊஞ்சல் போல ஆடினால் நடுவில் மேடு உள்ளது. பலகைக்கும் தரைக்கும் இடையே ஒளி தெரிந்தால் பள்ளம். பூட்டுவகைப் பலகைகளைச் செய்வோர் பெரும்பாலும் 3 மீட்டர் நீளத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஏற்ற இறக்கம் கூடாது என்கிறார்கள். நம் சிறிய குளியலறைகளுக்கு ஒரு மீட்டர்ப் பலகையின் அடியில் 2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது என்று வைத்துக்கொள்வது எளிது. இதனை மீறினால், மிதிக்குந்தோறும் பலகை கீழே வளைந்து, பூட்டின் நாக்கு நாளடைவில் முறிந்துவிடும். 'களக்' என்ற ஓசை அதன் முன்னறிவிப்பாகும்.

ஈரம் மேலிருந்தா, கீழிருந்தா?

அடுத்து, தரை உலர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். கையால் தடவிப் பார்ப்பது போதாது. சிமெண்டு மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று நாள் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டு, முழங்கை அளவு சதுரமான, அதாவது 45 சென்டிமீட்டர் பக்கமுள்ள, ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரைமீது விரித்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாதவாறு ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். மாலையில் ஒட்டி, மறுநாள் வேலை முடிந்து வந்து பிரித்துப் பார்க்கலாம். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, தரை அவ்விடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம்.

அவ்வாறாயின் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேட வேண்டும். சுவருக்குள் ஓடும் நீர்க்குழாய் கசிகிறதா? வடிகுழியைச் சுற்றியுள்ள சிமெண்டு விரிந்துள்ளதா? தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பின்றிக் கட்டப்பட்ட பழைய வீடாக இருப்பின் மண்ணின் ஈரமே மேலேறுகிறதா? வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை நிறுத்தாமல் மேலே எதனைப் பூசினாலும் அது வீண் செலவே.

வீட்டில் ஒரே குளியலறை இருப்பவர்கள் இவ்வேலையைத் தொடங்குவதற்கு முன்பே குளிப்பதற்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளல் நல்லது. இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்கி, மூன்றாம் நாள் பொறுமையிழந்து ஈரத் தரையின்மேல் பலகையைப் பதித்தவர்களே மிகுதி.

பெயர்த்தலும் சுரண்டுதலும்

பழைய தரையில் ஓடு பதித்திருந்தால், சுத்தியின் பிடியால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பாருங்கள். முற்றிய தேங்காயும் வற்றிய தேங்காயும் வேறு வேறு ஓசை தருவது போல, ஒட்டியிருக்கும் ஓடும் விட்டுப்போன ஓடும் வேறு வேறு ஓசை தரும். 'டொக்' என்று வெற்றொலி எழுப்பும் ஓடுகளைப் பெயர்த்தெடுத்துவிட வேண்டும். சவர்க்காரப் படிவு, பாசி, பழைய பசை, எண்ணெய் வண்ணம் ஆகிய அனைத்தையும் சுரண்டிக் கழுவ வேண்டும். இவற்றின்மேல் எந்தக் கலவையும் பிடிக்காது. மேடுகளை உளியால் கொத்தி, கரடான சாணைக்கல்லால் தேய்த்துத் தாழ்த்த வேண்டும். (பால் சீவும் உளியை எடுத்துவந்துவிடாதீர்கள்!) தேய்க்கும்போது நீர் தெளித்துக்கொண்டே தேய்க்க வேண்டும், உலர்ந்த சிமெண்டுத் தூள் நுரையீரலுக்குக் கேடு. கண்ணாடியும் மூக்குக் கவசமும் அணிதல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய கட்டடங்களில் சதுரமான, கெட்டியான, எளிதில் உடையும் வினைல் ஓடுகளும் அவற்றின் அடியில் கறுத்த தார்ப்பசையும் காணப்படலாம். 1980களுக்கு முன் செய்யப்பட்ட அத்தகைய ஓடுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அவற்றை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. கல்நார்த் தூசு கண்ணுக்குத் தெரியாது. பல்லாண்டுகள் கழித்து நோயைத் தரும். ஓடுகள் உறுதியாக ஒட்டியிருந்தால் அவற்றை அப்படியே விட்டு மேலே மூடுவதே பாதுகாப்பு. விட்டுப்போயிருந்தால், அறிந்தவரிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள்.

பள்ளத்தை நிரப்பும் கலவை: நம் பாலின் கதை

பள்ளத்தை நிரப்பச் சிமெண்டையும் மணலையும் நீரில் குழைத்துப் பூசிவிடலாம் என்று தோன்றும். ஓர் அங்குலத்திற்கு மேல் ஆழமுள்ள பள்ளத்தில் அது நிற்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழமே உள்ள பள்ளத்தில் அவ்வாறு பூசினால், கலவையின் நீரைப் பழைய தரை உறிஞ்சிவிடும். சிமெண்டு கட்டிப்படப் போதிய நீரின்றி, காய்ந்த அப்பளம் போலச் சில வாரங்களில் பெயர்ந்துவிடும். மெல்லிய பூச்சு தரையைப் பற்றிக்கொள்ளவும், சற்று வளைந்துகொடுக்கவும் அதில் ரப்பர்ப் பால் கலந்திருத்தல் வேண்டும்.

ஆம், ரப்பர்ப் பால்தான். சிமெண்டில் ரப்பர்ப் பாலைக் கலக்கும் எண்ணம் பழமையானது. 1923இல் கிரெசன் என்பவரும் 1924இல் லெஃபெபூர் என்பவரும் இயற்கை ரப்பர்ப் பாலைச் சிமெண்டுடன் சேர்ப்பதற்குக் காப்புரிமை பெற்றார்கள். மலாயா அக்காலத்தில் உலகிலேயே மிகுதியாக ரப்பரை விளைவித்த நாடு. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியற்காலையில் சேர்த்த பாலுக்குத் தரையிலும் ஒரு வேலை இருக்கிறது என்று அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்.

1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்கு ரப்பர் வருவது பெரும்பாலும் நின்றது. அமெரிக்க அரசாங்கம் அவசர அவசரமாகச் செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. ஸ்டைரீன், பியூட்டடையீன் என்னும் இரண்டு பொருள்களைச் சேர்த்துச் செய்த அந்த ரப்பரின் வழிவந்ததே இன்று வன்பொருட் கடைகளில் 'எஸ்.பி.ஆர்.' என்ற பெயரில் டப்பாக்களில் விற்கப்படும் வெள்ளைப் பால். திறந்து பார்த்தால் நம் வாளியிலுள்ள பாலைப் போலவே இருக்கும். அதன் வாடை மட்டும் வேறு.

"அப்படியாயின் தோட்டத்துப் பாலையே கலந்தால் என்ன?" என்று ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். அந்தப் பால் தோட்டத்தின் உடைமை என்பது ஒரு புறமிருக்க, அது பயன்படவும் செய்யாது. இதன் காரணத்தை நீங்களே நன்கு அறிவீர்கள். பாலில் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் என்ன நிகழ்கிறது? ரப்பர்த் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதப்பதற்குக் காரணமான மின்னூட்டத்தை அமிலம் அகற்றிவிடுகிறது. துகள்கள் ஒன்றுசேர்ந்து பால் உறைகிறது. சிமெண்டிலுள்ள சுண்ணச்சத்தும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. கரணையால் கலக்கிக்கொண்டிருக்கும்போதே பால் திரிதிரியாக உறைந்து, கலவை கெட்டுவிடும். இயற்கைப் பாலைச் சிமெண்டில் சேர்க்க விரும்புவோர், உறையாமல் தடுக்கும் மருந்துகளை முன்னரே அதில் கலக்க வேண்டியுள்ளது. கடையில் விற்கும் பால் சிமெண்டுக்கென்றே அவ்வாறு பதப்படுத்தப்பட்டது.

இனி, பூசும் முறை. தரையை நனைத்து, தேங்கிய நீரை ஒற்றி எடுத்துவிடுங்கள். தரை ஈரமாக இருக்கலாம், நீர் நிற்கக் கூடாது. டப்பாப் பாலையும் நீரையும் சம அளவு கலந்து, அதில் தோசை மாவின் பதம் வரும்வரை சிமெண்டைக் கலக்குங்கள். இக்குழம்பைத் தூரிகையால் பள்ளத்தில் அழுந்தத் தேய்க்க வேண்டும். இது காய்வதற்கு முன்னரே அடுத்த கலவையை மேலே பூசிவிடல் மிக இன்றியமையாதது. காய்ந்த குழம்பு ஒட்டுவதற்குப் பதிலாகப் பிரித்துவைக்கும். ஆகவே ஒரு பள்ளத்திற்கு வேண்டியதை மட்டும் ஒரு தடவையில் பூசுங்கள். ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு சலித்த மணல், நீர் கலந்த டப்பாப் பால் ஆகியவற்றைக் கெட்டியாகக் குழைத்து நிரப்பி, நேர்ப்பலகையால் இழுத்து, ஓரங்களை இறகு போல மெலிதாக்கித் தேய்த்துவிடுங்கள். டப்பாவில் வேறு அளவு குறிப்பிடப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுங்கள். பூசியது 'இறுகிவிட்டது' என்பதற்கும் 'உலர்ந்துவிட்டது' என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு நாள் என்பது சிமெண்டுத் தரை உலர்வதற்குக் கட்டடத் துறையினர் சொல்லும் பழைய கணக்கு. ஈரக்காற்று மிகுந்த நம் நாட்டில் அதற்கு மேலும் ஆகலாம். பிளாஸ்டிக் தாளை மறுபடியும் ஒட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தானே பரவும் கலவை

ஊற்றினால் தானே பரவிக் கண்ணாடி போல மட்டமாகிவிடும் சிமெண்டுக் கலவையும் கடைகளில் கிடைக்கிறது. வேலை குறைவு என்பதால் பலர் அதனை விரும்புகிறார்கள். நானும் விரும்பினேன். சில ஆண்டுகளுக்கு முன் என் இல்லத்துக் குளியலறையில் இரண்டு மூட்டை கலக்கி ஊற்றிவிட்டு, அதன் பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்து, மனைவியையும் அழைத்துக் காட்டினேன். முதல் நாள் குளித்தபோது நீர் வடிகுழிக்குப் போகவில்லை. கதவின் அடியாக வரவேற்பறைக்குப் போயிற்று. தண்ணீரைப் போலப் பரவும் கலவை தண்ணீரைப் போலவே மட்டமாக நிற்கும் என்பதும், ஆகவே இருந்த வாட்டத்தை அது விழுங்கிவிடும் என்பதும் ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு அப்பொழுது தோன்றவில்லை. அதனைக் கொத்தியெடுக்க ஒரு வாரம் ஆயிற்று. வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் அது நல்ல பொருள். குளியலறையில் கரணையால் பூசும் கலவையே ஏற்றது.

ஒரு நாள் குளம்

பள்ளங்கள் நிரம்பிய பின், நீர்த்தடைப் பூச்சு இரண்டு முறை பூச வேண்டும். தரையோடு நிறுத்திவிடாமல் சுவரின்மேலும் ஒரு சாண் உயரத்திற்கு, ஏறக்குறைய 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை, ஏற்றிப் பூசுதல் வேண்டும். தரையும் சுவரும் சந்திக்கும் மூலையிலும், வடிகுழியின் கழுத்திலும்தான் பெரும்பாலும் கசிவு தொடங்கும். அவ்விடங்களில் வலைத்துணியைப் பதித்து அதன்மேல் பூசுவது சிறப்பு.

பூச்சு நன்கு இறுகிய பின் வடிகுழியைத் துணிப்பந்தால் அடைத்து, கதவு வாயிலில் களிமண் வரம்பு கட்டி, தரை முழுவதும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீர் நிற்குமாறு நிரப்பி, 24 மணி நேரம் விட்டுவையுங்கள். சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் வாழ்பவர்கள் கீழ்வீட்டாரிடம் முன்னரே சொல்லி, அவர்களின் கூரைப்பகுதியைப் பார்த்துவருவது முறை. கீழ்வீட்டாரின் கூரையில் ஈரம் படர்ந்த பிறகு தொடங்கும் மனத்தாங்கல் எளிதில் தீர்வதில்லை.

எங்கே பலகை, எங்கே வேண்டாம்

இவ்வளவும் செய்த பின்னரும், வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிக்கும் இடத்தில் வினைல் பலகையைப் பதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பெட்டியில் இருக்கும் படங்கள், குளிப்பதற்குத் தனித் தொட்டியோ கண்ணாடித் தடுப்போ உள்ள உலர்ந்த குளியலறைகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம் குளியலறையிலோ தரை முழுவதும் நனைகிறது. மேலும், நான்கு பக்கத்திலிருந்தும் வடிகுழியை நோக்கிச் சரியும் தரையில் நீளப் பலகை எவ்வாறு படியும்? தாம்பாளத்தின் குழிவில் அடிக்கோலை வைத்தது போலத்தான் நிற்கும். ஒரே திசையில் சரியும் தரையில் மட்டுமே அது படியும்.

ஆகவே அறையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குளிக்கும் பகுதியில் சொரசொரப்பான சிறு ஓடுகளையோ, தூரிகையால் கீறிவிட்ட சிமெண்டுப் பூச்சையோ வைத்துக்கொள்ளலாம். கதவருகில், முகம் கழுவும் தொட்டியும் கழிப்பிடமும் உள்ள பகுதியில் பலகையைப் பதிக்கலாம். அங்கும் பூட்டுவகையைவிடப் பசையிட்டு ஒட்டும் வகையே மேல். தரையோடு முழுவதும் ஒட்டிக்கொள்வதால் அடியில் நீர் பரவ இடம் குறைவு. சுவரோரத்திலும் இரண்டு பகுதிகளும் சந்திக்கும் கோட்டிலும் சிலிக்கோன் பசையால் அடைத்துவிடல் வேண்டும். பலகையின் தடிப்பால் கதவு உரசுமா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பகுதிகளுக்கும் நடுவே வரம்பு கட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வயலுக்கு வரம்பு நல்லது. முதியவர் உள்ள வீட்டில் குளியலறை நடுவே உள்ள வரம்பு காலை இடறும். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாகவும், அவர்களுள் முதியோரே மிகுதி என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. வாட்டம் சரியாக இருந்தால் வரம்புக்கு வேலையில்லை.

தோட்டத்து வீடாக இருந்தால்

தோட்ட நிருவாகத்திற்குச் சொந்தமான வீட்டில் வாழ்பவர்கள் உளியைக் கையிலெடுக்கும் முன் நிருவாகத்திடம் தெரிவித்தல் வேண்டும். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், தொழிலாளருக்குத் தரும் வீடுகளை நல்ல நிலையில் பராமரிக்கும் பொறுப்பை முதலாளியின்மேல் வைத்துள்ளது. உடைந்த தரையும் அடைத்த வடிகுழியும் ஒழுகும் குழாயும் பராமரிப்பில் அடங்கியவை. அவற்றைச் சொந்தச் செலவில் திருத்துவதற்கு முன், குறையை எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போய்விடும். அலங்காரத்திற்காகப் பதிக்கும் பலகை உங்கள் செலவாக இருக்கலாம். அதன் அடியிலிருக்கும் தரை உங்கள் செலவாக இருக்க வேண்டியதில்லை.

செண்டாயான் வீட்டாரிடம் இவற்றையெல்லாம் விளக்கிச் சொன்னபோது, அந்த அம்மையார் தம் கணவரைப் பார்த்து, "மரத்தில் கோடு போடும்போது பால் மங்குக்கு ஓடிவரச் சாய்த்துத்தானே வெட்டுகிறோம்? இதை நாம் நினைக்கவில்லையே" என்றார். எனக்கும் அதுவரை அந்த உவமை தோன்றவில்லை.

பெயர்த்த பலகைகளுள் பூட்டு முறியாத சிலவற்றைக் கழுவிக் காயவைத்து, படுக்கையறையின் ஒரு மூலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். குளிக்கும் பகுதியில் சிறு ஓடுகள் பதித்து, கதவருகில் பசையிட்டு ஒட்டும் புதிய பலகைகளை வைத்தார்கள். மூன்று வாரங்கள் அண்டை வீட்டில் குளித்ததாகச் சொன்னார்கள். அடுத்த முறை நான் சென்றபோது பாட்டியாரின் கட்டு அவிழ்க்கப்பட்டிருந்தது. சுவரில் அவர் பிடித்துக்கொள்வதற்கு ஒரு குழாய்க் கம்பியும் பொருத்தியிருந்தார்கள். அந்த அன்பர் ஒரு வாளி நீரைக் கொண்டுவந்து கதவோரத்தில் ஊற்றினார். நாங்கள் நால்வரும் வாயிலில் நின்று, அது வடிகுழிக்குள் முழுவதும் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.